முதல் இடத்துக்கு என்ன விலை?



சென்ற மாதம் நம் கிளை அலுவலகத்துக்கு ஒரு குடும்பம் வந்தது. கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். மட்டை விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து மூன்று மாதமாக வேலைக்குப் போகவில்லை. மனைவி மருந்து அடிக்கிற வேலை செய்கிறார். ஐந்தாம் படிவம் படிக்கும் மகளும் கூட வந்திருந்தாள். அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்.

"சொக்சோ பணம் எப்பண்ணே வரும்?"

பாரத்தை எங்கே கொடுத்தீர்கள் என்று கேட்டோம். மகள் கைப்பேசியை எடுத்து நீட்டினாள். அப்பாவுக்கு அடிபட்டதும், சொக்சோ பணம் வாங்குவது எப்படி என்று மலாயில் தட்டித் தேடியிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அகப்பக்கம் வந்திருக்கிறது. "உங்கள் பணத்தை நாங்கள் வாங்கித் தருகிறோம், அலைச்சல் இல்லை" என்று அதில் எழுதியிருந்தது. எண்ணைக் கூப்பிட்டார்கள். ஒருவர் தேனாகப் பேசினார். தாள் வேலைக்கு 350 வெள்ளி முன்பணம், பணம் கைக்கு வந்ததும் அதில் ஒரு பங்கு என்று பேச்சு முடிந்தது. மூன்று மாதம் முழுச் சம்பளம் காணாத வீட்டில் 350 வெள்ளி எங்கே இருக்கும்? அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது.

தோழர்களே, சொக்சோவுக்குப் பாரம் கொடுக்க ஒரு காசு கட்டணம் கிடையாது. 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்த உரிமை அது. மாதா மாதம் நம் பெயரில் கட்டிய பணம் அது. அலுவலகத்துக்கு நேரே போகலாம். எழுதத் தெரியாவிட்டால் சங்கத்துக்கு வரலாம். நாம் எழுதித் தருகிறோம்.

இதைச் சொன்னதும் அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"மொதல்ல வந்தது அதுதான் அண்ணே. மொதல்ல வர்றது சரியாத்தானே இருக்கும்னு நெனச்சோம்."

இந்த ஒரு வார்த்தைதான் நம்மை இந்த வாரம் எழுத வைத்தது. முதலில் வருவது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியது அந்த அம்மாள் மட்டும் இல்லை. நம் லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறோம். அந்தக் கைப்பேசியை வாங்கிப் பார்த்தோம். முதலில் வந்த அந்தப் பக்கத்துக்கு மேலே, எறும்பு ஊர்ந்தது போல ஒரு சின்னச் சொல் இருந்தது. ஆங்கிலத்தில் வைத்திருந்தால் அது 'ஸ்பான்சர்ட்'. மலாயில் வைத்திருந்தால் 'டித்தாஜா'. அதாவது, இந்த இடம் காசுக்கு வாங்கிய இடம் என்று பொருள். சொக்சோவின் சொந்தப் பக்கமும் அங்கே இருந்தது. நான்கு பக்கங்களுக்குக் கீழே!

பிரட்டுக் களத்தை நினைத்துப் பாருங்கள்

இந்தத் தேடுபொறி என்பது எப்படி வேலை செய்கிறது? நாம் படித்தது தோட்டத் தமிழ்ப் பள்ளியில். நமக்குத் தெரிந்த மாதிரியே சொல்கிறோம்.

உலகத்தில் கோடிக்கணக்கான அகப்பக்கங்கள் இருக்கின்றன. தேடுபொறி நிறுவனம், அவற்றைப் படித்து வர ஒரு கணினி ஆளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவித் தாவிப் போய், பார்த்ததை எல்லாம் ஒரு பெரிய செக்ரோலில் எழுதி வைக்கிறது. இதற்கு யாரும் காசு கட்ட வேண்டியதில்லை. நாம் ஏதாவது தேடினால், அந்தச் செக்ரோலிலிருந்து பொருத்தமானதை எடுத்து வரிசையாக நிறுத்துகிறது.

யாரை முதலில் நிறுத்துவது? 1998-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு மாணவர்கள் ஒரு வழி சொன்னார்கள். ஒரு பக்கத்தை மற்றப் பக்கங்கள் எத்தனை சுட்டிக் காட்டுகின்றன, சுட்டிக் காட்டுகிறவர்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்த்து வரிசைப்படுத்தலாம் என்றார்கள். நம் தோட்டத்தில் சுளுக்கு எடுக்க யார் கெட்டிக்காரர் என்று கேட்டால், பத்துப் பேர் ஒரே பாட்டியைக் கை காட்டுவதில்லையா? அது போலத்தான். இன்றைக்கு வேறு பல கணக்குகளும் சேர்ந்துவிட்டன. ஆனால் அடிப்படை அதுதான்: மற்றவர்கள் மதிப்பதால் கிடைக்கும் இடம்.

இந்த மாணவர்கள்தான் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே 1998-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அவர்களே ஒன்றை எச்சரித்திருந்தார்கள். விளம்பரக் காசில் வாழும் தேடுபொறி, தேடுகிறவன் பக்கம் நிற்காமல் விளம்பரம் கொடுப்பவன் பக்கம் சாய்ந்துவிடும் என்று! சொன்னவர்களே 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கினார்கள். இன்றைக்கு அந்த நிறுவனத்தின் வருமானத்தில் பெரும் பங்கு விளம்பரம்தான். பணம் பாதாளம் வரைக்கும் பாயும் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

காசுக்கு இடம் விற்கும் யோசனையை முதலில் பெரிதாக நடத்திக் காட்டியது கோட்டூ என்ற இன்னொரு நிறுவனம். 1998-ல் கலிபோர்னியாவில் பில் குரோஸ் என்பவர் தொடங்கியது. அங்கே இடம் ஏலத்தில் போனது. ஒரு சொல்லுக்கு யார் அதிகம் கேட்கிறாரோ அவர் பக்கம் மேலே. யாராவது அதைத் தட்டித் திறந்தால்தான் காசு. பலர் இதைக் கண்டு முகம் சுளித்தார்கள். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை அந்தப் பக்கத்திலேயே, எல்லாரும் பார்க்கும்படி கோட்டூ போட்டுக் காட்டியது. விற்றாலும் விலைச் சீட்டை மறைக்கவில்லை!

காசு கொடுத்துச் செக்ரோலில் ஏறியவர்கள்

அதைவிட நுணுக்கமான வியாபாரம் ஒன்று இருந்தது. அதைத்தான் நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

2000-ஆம் ஆண்டு வாக்கில் இங்க்டோமி முதலிய சில நிறுவனங்கள் அகப்பக்கக்காரர்களிடம் ஒன்று சொல்லின. "எங்கள் ஆள் உங்கள் பக்கத்துக்கு எப்போது வருவான் என்று காத்திருக்க வேண்டாம். கட்டணம் கட்டுங்கள். உங்கள் பக்கத்தை நிச்சயமாகச் செக்ரோலில் ஏற்றுகிறோம். இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து புதிதாகப் படித்துக்கொள்கிறோம்." யாஹூ நிறுவனம் 2004 மார்ச்சில் இதையே பெரிதாகத் தொடங்கியது. முதல் பக்கத்துக்கு வருடம் 49 அமெரிக்க டாலர். அதற்கு மேல், யாராவது தட்டித் திறந்தால் ஒவ்வொரு தடவைக்கும் வகையைப் பொறுத்து 15 சென்ட் அல்லது 30 சென்ட்.

காசு கட்டினால் வரிசையில் மேலே போகலாமா என்று கேட்டார்கள். "இல்லை, இல்லை! காசு பெயரை ஏற்றுவதற்கு மட்டும்தான். இடம் தகுதியைப் பார்த்துத்தான்" என்று பதில் வந்தது.

தோழர்களே, இதைக் கேட்டதும் நமக்குப் பழைய பிரட்டுக் களம் ஞாபகம் வந்தது. நம் அப்பா பால் மரம் வெட்டிய காலம். காலையில் பெயர் கூப்பிடும்போது மண்டோர் நல்ல மரம் இருக்கிற நிரையை யாருக்குக் கொடுப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்குக் கோழி கொண்டுபோனவருக்குத்தான்! கேட்டால், "கோழிக்கும் நிரைக்கும் சம்பந்தமே இல்லை, அவன் நல்ல வேலைக்காரன்" என்பார். இருக்கலாம். அவர் நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம். ஆனால் கோழி வாங்கிய கை நியாயமாகத்தான் நிரை பிரிக்கிறது என்று மற்றவர்கள் எப்படி நம்புவது?

இங்கேயும் அதே கதைதான். வரிசையைக் காசுக்கு மாற்றவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். காசு கட்டியவன் பக்கம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை புதிதாகிறது. காசில்லாதவன் பக்கம், கணினி ஆள் எப்போது வருவானோ அப்போதுதான். பெரிய நிறுவனங்கள் தங்கள் பக்கங்களின் தலைப்பையும் விளக்கத்தையும் தாங்களே எழுதி மொத்தமாகக் கொடுக்கவும் வழி இருந்தது. ஓட்டப் பந்தயத்தில் ஒருவனுக்குச் சப்பாத்து, இன்னொருவனுக்கு வெறுங்கால். "கோட்டை நாங்கள் தள்ளிப் போடவில்லையே" என்று சொன்னால் போதுமா?

இன்னொன்று இன்னும் மோசம். ஏலத்தில் வாங்கிய விளம்பரமாவது தனியே நிற்கும். அதன் தலையில் ஒரு முத்திரையாவது இருக்கும். செக்ரோலில் காசு கொடுத்து ஏறிய பக்கமோ, இலவசமாக ஏறிய பக்கங்களோடு கலந்து நின்றது. எது காசு, எது இலவசம் என்று தேடுகிறவன் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அமெரிக்காவில் இதை எதிர்த்துப் பயனீட்டாளர் குழு ஒன்று 2001-ல் புகார் செய்தது. 2002 ஜூனில் அந்நாட்டின் மத்திய வணிக ஆணையம் தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. காசுக்கு வாங்கிய இடங்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும், காசு வாங்கிக்கொண்டு பக்கங்களைச் சேர்த்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. எம்எஸ்என், ஆஸ்க் ஜீவ்ஸ் ஆகியவை 2004-லேயே இந்த வியாபாரத்தைக் கைவிட்டன. யாஹூ 2009-ஆம் ஆண்டு முடிவோடு நிறுத்திக்கொண்டது.

யாரோ ஒருவர் கேள்வி கேட்டார், ஒரு கணக்குக் கேட்கப்பட்டது, வழக்கம் மாறத் தொடங்கியது. இது நமக்குப் புதிய பாடம் இல்லை. ஸ்டோரில் பால் நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்க வேண்டும் என்று நம் முன்னோர் சண்டை போட்டது இதற்காகத்தானே!

பத்திரிகை என்று சொன்னார்கள்

கூகுள் அந்த வியாபாரத்தில் சேரவில்லை. 2004-ல் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க வந்தபோது, அதன் நிறுவனர்கள் கடிதம் ஒன்று வெளியிட்டார்கள். தேடல் முடிவில் இடம் தரவோ, செக்ரோலில் ஏற்றவோ, சீக்கிரம் புதுப்பிக்கவோ காசு வாங்குவதில்லை என்றார்கள். நல்ல பத்திரிகையில் விளம்பரம் வேறு, செய்தி வேறு என்று இருப்பது போல நாங்கள் இருப்போம் என்றும் சொன்னார்கள்.

பத்திரிகை என்றதும் நமக்கு இது நன்றாகப் புரிகிறது. இதோ நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தத் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். நகைக் கடை விளம்பரம் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர் காலமானால் நாமும் காசு கட்டி நினைவஞ்சலி போடுகிறோம். அதில் தப்பில்லை. அந்தக் காசில்தான் பத்திரிகை ஓடுகிறது. ஆனால் அது கட்டம் கட்டி நிற்கிறது. நகைக் கடைக்காரர் காசு கொடுத்து, அவர் சொல்வதை இந்தப் பகுதியில் நம் பெயரில் எழுத வைத்தால் நீங்கள் விடுவீர்களா? தாளைக் கிழித்துப் போட மாட்டீர்களா?

ஆனால் சொன்ன சொல் நின்றதா? பொருள்களின் விலையைத் தேடிப் பார்க்கக் கூகுள் 2002-லிருந்து தனியாக ஒரு சேவை நடத்தியது. கடைக்காரர்கள் காசில்லாமலே தங்கள் பொருள்களை அதில் சேர்க்கலாம். 2012-ல் அமெரிக்காவில் அதையே காசு கட்டினால்தான் இடம் என்று மாற்றினார்கள். அந்தப் பகுதியில் இலவச இடம் திரும்பி வர 2020 ஆனது.

முத்திரையின் கதையும் அப்படித்தான். ஒரு காலத்தில் மேலே வரும் விளம்பரங்களுக்குப் பின்னால் வண்ணப் பட்டை இருந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். பிறகு அந்தப் பட்டை போனது. சின்ன மஞ்சள் முத்திரை வந்தது. 2016-ல் அது பச்சையானது. பிறகு கறுப்பு எழுத்தானது. 2013-ல் அதே அமெரிக்க ஆணையம் மறுபடியும் கடிதம் எழுத வேண்டி வந்தது. விளம்பரத்தையும் மற்றதையும் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் வரவர மங்கிக்கொண்டே போகின்றன என்று அது சுட்டிக் காட்டியது.

இது உயிர் போகிற விஷயமா என்று சிலர் கேட்கலாம். போயிருக்கிறது, தோழர்களே. சீனாவில் அபூர்வமான புற்றுநோய் கண்ட 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் பைடு என்ற தேடுபொறியில் மருத்துவம் தேடினார். காசு கட்டி மேலே நின்ற ஒரு மருத்துவமனையின் பெயர் வந்தது. குடும்பம் கடன் வாங்கி 2 லட்சம் யுவானுக்கு மேல் செலவழித்தது. சிகிச்சை பலிக்கவில்லை. 2016 ஏப்ரலில் அவர் இறந்தார். நாடே கொதித்தது. அரசாங்கம் விசாரித்தது. காசை மட்டும் வைத்து வரிசைப்படுத்தக் கூடாது, காசு கட்டிய முடிவுகள் ஒரு பக்கத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அவற்றை நன்றாக அடையாளம் காட்ட வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்கு உத்தரவு போனது. காசுக்கு வரும் தேடல் முடிவு விளம்பரம்தான் என்ற விதி அந்நாட்டில் அதே ஆண்டு செப்டம்பர் 1-ல் நடப்புக்கு வந்தது. அந்தப் பிள்ளை போன பிறகு!

இலவசத்துக்கு விளம்பரம் இல்லை

விளம்பரம் போடுகிறவர்கள் எல்லாரும் திருடர்கள் என்று நாம் சொல்லவில்லை. நாணயமான கடைக்காரரும் விளம்பரம் போடுகிறார். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போய்ச் சின்னதாகப் பலகாரக் கடை வைத்திருக்கும் நம் பிள்ளையும் போடலாம். வாடிக்கை தேட அவனுக்கும் வழி வேண்டும். நம் கேள்வி வேறு.

சொக்சோவின் பாரம் இலவசம். சேமநிதிப் பணத்தை நேரே எடுத்தால் இடைத்தரகர் கட்டணம் இல்லை. சங்கத்தின் உதவி இலவசம். இலவசமாகத் தருகிறவனுக்கு அதில் லாபம் இல்லை. லாபம் இல்லாததால் ஏலத்தில் இடம் வாங்க அவனிடம் காசும் இல்லை. அதே உரிமையை 350 வெள்ளிக்கு விற்கிறவனிடம் காசு இருக்கிறது. ஏனென்றால் அந்த 350-லிருந்து அவன் கொஞ்சம் எடுத்து அடுத்த மாதத்துக்கு முதல் இடத்தை வாங்கிக்கொள்கிறான். அடகுக் கடைக்குப் போன அந்தத் தோடுதான், அடுத்த குடும்பத்தைப் பிடிக்கிற தூண்டிலுக்கு இரையாகிறது!

ஏழைக்கு மிகவும் தேவையான பக்கத்துக்குத்தான் இடம் வாங்கிக் கொடுக்க ஆளில்லை. நல்ல மருத்துவமோ கடனோ உரிமையோ எதைத் தேடினாலும் இதே நிலைமைதான். பணக்காரனுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. அவனுக்கு வக்கீல் இருக்கிறார், கணக்கர் இருக்கிறார். நமக்குக் கைப்பேசிதான் வக்கீல். அந்த வக்கீல் யாரிடம் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறான் என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டா, இல்லையா?

ஆகவே நாம் கேட்கிறோம். காசுக்கு வாங்கிய இடம் என்ற அறிவிப்பு பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். தேடுகிறவருக்குப் புரிகிற மொழியில், நிறத்தோடு இருக்க வேண்டும். நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயனீட்டாளரைத் தவறாக நம்ப வைக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. கடை வாசலில் உள்ள பலகைக்கு ஒரு நீதி, கைப்பேசியில் உள்ள பலகைக்கு ஒரு நீதியா? சொக்சோவும் சேமநிதி வாரியமும் தங்கள் சரியான அகப்பக்க முகவரியைத் தோட்டத்து அறிவிப்புப் பலகைகளில் ஒட்டட்டும். நிர்வாகம் அதைச் சம்பளச் சீட்டின் கீழே ஒரு வரியாக அச்சடிக்கட்டும். பெரிய செலவில்லை. மனம்தான் வேண்டும்.

அரசாங்கம் செய்யும் வரைக்கும் நாம் சும்மா இருப்பதா? வேண்டாம். இன்று ராத்திரியே வீட்டில் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். கைப்பேசியில் எதையாவது தேடச் சொல்லுங்கள். 'டித்தாஜா', 'ஸ்பான்சர்ட்' என்ற சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர்களையே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தச் சொல் இருந்தால் அது கடைக்காரன் கூவுகிற குரல். கேட்கலாம், ஆனால் பணம் கொடுக்கும் முன் கீழேயும் பாருங்கள். முத்திரை இல்லாததெல்லாம் நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். முத்திரை சொல்வது யார் காசு கொடுத்தார் என்பதை மட்டும்தான். யார் யோக்கியன் என்பதை அது சொல்லாது. அரசாங்கப் பணம், கடன், வேலை என்று யாராவது முன்பணம் கேட்டால், காசைக் கொடுக்கும் முன் கிளைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏமாந்து பணம் அனுப்பியிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 997-க்கு அழையுங்கள். 2022-லிருந்து இயங்கிவரும் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

அந்தக் குடும்பத்தின் பாரத்தை நாமே எழுதிச் சொக்சோவில் கொடுத்துவிட்டோம். 350 வெள்ளி திரும்பி வரவில்லை. அந்த எண்ணைக் கூப்பிட்டால் இப்போது யாரும் எடுப்பதில்லை. புகார் கொடுத்திருக்கிறோம். அம்மாவின் தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

வாசலைத் தாண்டும்போது அந்தப் பெண் பிள்ளை கேட்டாள்: "மாமா, அந்தச் சின்ன எழுத்தை ஏன் பெருசாப் போட மாட்டேங்கிறாங்க?"

பெரிதாகப் போட்டால் நீ அதைத் தட்டியிருக்க மாட்டாயே அம்மா! அதனால்தான்.